முப்பது பக்கம் மிச்சம்

...களவெண்டுதான் நான் சொல்லுவன், பிள்ளை. வேற என்ன பேர்? நூற்றிப் பன்னிரண்டு புத்தகம், ஒவ்வொண்டுக்கும் பில் கிடக்கு. தைப்பூசத்தண்டு விடியப் பாக்கிறன், ஒண்டுமில்லை. கதவு பூட்டினபடி, நாய் குலைக்கேல்லை. கள்ளன் ஆர்? வித்த கொம்பனிக்காரன்தான்.

பஸ் ஏறினதிலயிருந்து நீர் வாசிக்கிறதும் அதே சாதி மின்புத்தகச் சாமான்தானே? புதுசோ? என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். வேலணையில பரமலிங்கம் எண்டு விசாரிச்சுப் பாரும், முப்பது வருசமா வாசிகசாலைச் செயலாளர்.

சாமானைப் பிழை சொல்லேலாது. கண் கூசாது, எழுத்தைப் பெருப்பிக்கலாம், கரண்ட் நிண்டாலும் மூண்டு கிழமைக்குச் சார்ஜ் கிடக்கும். ஆனால் வேற இடத்தில வாங்கின புத்தகத்தையும் ஏத்த விடுதோ, அதைத்தான் முதல் பாக்கவேணும். நான் பாக்கேல்லை. மகள் நிசாந்தினி கனடாவிலயிருந்து அனுப்பினவள். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறதே?

கொம்பனிக்குக் கடிதம் போட்டனான். நான் வாங்கினது புத்தகமில்லையாம், வாசிக்கிற அனுமதியாம். பனையை வித்துப்போட்டு நுங்கை வெட்டாதை எண்டால் ஆரும் சும்மா விடுவினமோ?

ஆ... ஏன் கணக்கைப் பூட்டினவங்கள் எண்டு கேக்கிறீர். அது வந்து... என்ர கணக்கில நாற்பத்தொரு போன் நிக்குதாம். நிண்டால் என்ன? வாசிகசாலையில ஒரு பேப்பரை நாற்பது பேர் வாசிக்கிறேல்லையே? முன்பக்கம் ஒராள், விளையாட்டுப் பக்கம் ஒராள். அந்தப் பழக்கத்திலதான்... பாஸ்வேர்ட்டை வாசிகசாலைக் கரும்பலகையில எழுதிவிட்டனான். நான்தான். வடிவாப் பெரிய எழுத்தில. கீழ 'அமைதி காக்கவும்' எண்டும் எழுதினனான்.

என்ர கவலை நூற்றிப் பன்னிரண்டுமில்லை, பிள்ளை. ஒரு கொலைக்கதை, முப்பது பக்கம் மிச்சம். மருமகனோ டொக்டரோ, ஆர் கொலைகாரன் எண்டு தெரியாமல் நாலு மாசமாச் சோறு இறங்குதில்லை. என்ர பாஸ்வேர்ட்டில வாசிச்ச பக்கத்து வீட்டு றஜீபன் முடிச்சுப்போட்டான். கேட்டால், சொன்னால் உங்களுக்குச் சுவை கெட்டுப்போகும் அண்ணை எண்டு சிரிக்கிறான். எனக்கு அழுகை வருது.

மாமரத்துக்குக் கீழ டொக்டர் செத்துக்கிடக்கிற கதை... இல்லையில்லை, சாகிறது டொக்டரின்ர அக்கா. உம்மட சாமானில கிடக்கோ? கிடக்கோ! நல்ல பிள்ளை. இல்லை, இப்ப தரவேண்டாம், பஸ்ஸில வாசிச்சால் எனக்குத் தலை சுத்தும். ஒண்டு செய்யும். இந்த ரிக்கெற்றின்ர பின்பக்கத்தில உம்மட பாஸ்வேர்ட்டை ஒருக்கா எழுதித் தாரும். ஆருக்கும் காட்டமாட்டன். பிலோமினம்மா ரீச்சருக்கு மட்டும், அவவும் அரைவாசியில நிக்கிறா. பிறகு அவவின்ர தமக்கை...

எங்க எழும்பிறீர்? இது மண்டைதீவுச் சந்தியெல்லோ. நீர் யாழ்ப்பாணத்துக்கெல்லே ரிக்கெற் எடுத்தனீர்?