பார்த்தது வேறு, நினைத்தது வேறு

நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியை. என் பெயர் இந்த வழக்கின் முதல் தாளில் இருக்கிறது. பள்ளியில் கண்ணாடி மிஸ் என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். வயது நாற்பத்தேழு. கடைவீதியில் சலவைக்கடைக்கு மேல் மாடியில் கணவருடன் குடியிருக்கிறேன். கணவர் ஒரு பல் மருத்துவமனையில் கணக்கர். பாதுகாப்புக் கண்ணாடி போடாத பிள்ளை யாராக இருந்தாலும் ஆய்வக மேசைப் பக்கம் விடமாட்டேன் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. அதில் எனக்கு வருத்தமில்லை, பெருமைதான்.

இந்தச் சம்பவம் குறித்து ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதன் பிறகு, என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சாட்சி சொல்லிக்கொடுத்திருப்பதாக, காயம்பட்ட மாணவனின் தந்தையான கட்டட ஒப்பந்தக்காரர் மனுக் கொடுத்ததன் பேரில் காவல் ஆய்வாளர் இன்று என்னை மறுபடியும் வரவழைத்து, வகுப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்க, பின்வருமாறு சொல்கிறேன்.

ஆண்டின் முதல் வகுப்பில் நான் பாடம் நடத்துவதில்லை. என் வகுப்பில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் சொல்வேன். முடியை இறுகக் கட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு வர வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மதிப்பெண் குறையாது, தெரிந்த மாதிரி அளந்துவிட்டால் குறையும். வாயைத் திறந்தால் பார்த்தது எது, நினைத்தது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நிறம் மாறியது என்றால் அது பார்த்தது, சூடு பட்டதால் மாறியது என்றால் அது நினைத்தது. நினைப்பதில் குற்றமில்லை. நினைத்ததைப் பார்த்ததாகச் சொல்வதுதான் என் வகுப்பில் குற்றம். தவறு செய்தது நானாகவே இருந்தாலும் முகதாட்சண்யம் பார்க்காமல் சொல்லிவிட வேண்டும்; சொன்னவருக்கு அந்த வாரம் கரும்பலகை துடைக்கும் வேலை கிடையாது.

ஆரம்பத்தில் பிள்ளைகள் இதை வைத்தே என்னைப் படாதபாடு படுத்துவார்கள். தாமதமாக வந்த ஒருவனிடம் காரணம் கேட்டதற்கு, "பஸ் வரல மிஸ்" என்றான். பார்த்தாயா என்று கேட்டேன். "வராததை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே நின்னேன் மிஸ்" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பாதி ஆண்டு போனால் அது அவர்கள் நாக்கில் ஊறிவிடும். ஒரு தாயார் பள்ளிக்கே வந்து, "வீட்டுல ஒரு வார்த்தை பேச முடியல டீச்சர், அப்பா வேலைய முடிச்சுட்டுக் கிளம்பியிருப்பாருன்னா, பார்த்தியா நினைச்சியான்னு குறுக்கு விசாரணை பண்றா" என்று குறைப்பட்டுக்கொண்டார். அன்று நான் வீட்டுக்குப் போனபோது கால் தரையில் பாவவில்லை. என் கணவரும் இதில் அடிபட்டவர்தான் என்பதால் அந்தத் தாயாருக்காக வருத்தப்பட்டார்.

சம்பவத்தன்று காலை இரண்டாவது பாடவேளையில், அடர் அமிலத்தைத் தண்ணீரில் எப்படிக் கலக்க வேண்டும் என்று முன் மேசையில் செய்து காட்டினேன். பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்றார்கள். அதன் பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருக்கையில், முதுகுக்குப் பின்னால் பாட்டில் உருளும் சத்தமும் ஓர் அலறலும் கேட்டன. அதன் பிறகு திரும்பினேன். பாட்டில் மேசையில் சாய்ந்து கிடந்தது. அதற்குள்ளாகவே ஒப்பந்தக்காரரின் மகனை யாரோ குழாயடிக்கு இழுத்துப் போயிருந்தார்கள். யாரும் ஓடவில்லை, ஒருவர் மேல் ஒருவர் விழவில்லை. இரண்டு பேர் ஜன்னல்களைத் திறந்தார்கள், ஒருத்தி சிந்திய இடத்தில் சோடாப்பொடியைக் கொட்டினாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் இடது கையை வாங்கித் தண்ணீரிலேயே பிடித்திருந்தேன். அவன் போட்டிருந்த கண்ணாடியில் இரண்டு துளி அமிலம் இருந்தது. 

அதன் பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். உடனே தண்ணீரில் பிடித்ததால் தழும்போடு போயிற்று, இல்லாவிட்டால் விரல்களை மடக்கவே முடியாமல் போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

அன்று மாலையே ஒப்பந்தக்காரர் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, தன் மகன் மேல் அவன் வகுப்பிலேயே படிக்கும் தையல்காரரின் மகள் வேண்டுமென்றே அமிலத்தைத் தள்ளிவிட்டதாகப் புகார் கொடுத்தார். முந்தின நாள் அந்தப் பையன், அவள் அப்பா தன் வீட்டுத் திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்து வாசலில் காத்து நின்றதைச் சொல்லிக் கேலி செய்ய, அவள் எல்லோர் முன்னிலையிலும் "இரு, உன்னைப் பார்த்துக்கிறேன்" என்று சொன்னது உண்மை. அதை நானும் கேட்டேன்.

என்னை விசாரித்தபோது, பாட்டிலை மூடி, மேசை நடுவில் இருக்கும் பீங்கான் தட்டில் வைத்துவிட்டுத்தான் திரும்பினேன் என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். அந்தத் தட்டு கனமானது, விளிம்பு உயரமானது. ஆய்வாளர் அதை எழுதிக்கொண்டு, "அப்படின்னா கை தெரியாம பட்டு விழ வாய்ப்பில்லையே டீச்சர்? எடுத்துச் சாய்ச்சாத்தானே உண்டு?" என்று கேட்டார்.  என் வார்த்தையே அந்தப் பெண்ணின் கழுத்தை இறுக்கியது எனக்குப் புரிந்தது. ஆனாலும் வேறு எதையும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

வழக்கு முடியும்வரை பிள்ளைகளோடு இதைப் பற்றிப் பேசக்கூடாது என்று தலைமையாசிரியர் சொன்னதால், நான் பத்தாம் வகுப்புப் பக்கமே போகவில்லை. என் பாடவேளையை வேறொருவர் எடுத்தார். எதிரே வந்த பிள்ளைகளிடம் வணக்கம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகு ஆய்வாளர் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் அவரவர் பெற்றோரை வைத்துக்கொண்டு விசாரித்திருக்கிறார். எல்லோரும் இது பார்த்தது, இது நினைத்தது, இது தெரியாது என்றே சொல்லியிருக்கிறார்கள். இன்று ஒப்பந்தக்காரர் என் முன்னாலேயே, "ஒருத்தர் விடாம ஒரே அச்சுல வார்த்த மாதிரி பேசுதுங்க சார். இந்த வயசுப் பசங்க இப்படியா பேசும்? அந்தப் பொண்ணைக் காப்பாத்த இந்தம்மா கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். காவல் நிலையத்தில் சிரித்தது தவறு. ஆனால் பத்தொன்பது ஆண்டுகளாகத் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தியதற்கு இதைவிடப் பெரிய நற்சான்று எனக்கு யாரும் தந்ததில்லை.

அதன் பிறகு ஆய்வாளர் ஒரு மாணவியின் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார். 'ஆனா மிஸ்' என்று தொடங்காமல் அவளால் பேச முடியாது. அதனால் வகுப்பில் அவளை ஆனா என்றே கூப்பிடுவார்கள். அவள் சொன்னது: "மிஸ் பாட்டிலைத் தட்டுல வைக்கல. மேசை ஓரத்துல வச்சாங்க, மூடியும் போடல. பார்த்தேன். சொல்றதுக்குள்ள மிஸ் போர்டு பக்கம் திரும்பிட்டாங்க. டெய்லர் அங்கிள் பொண்ணு கண்ணாடிக் குச்சியை எடுக்கக் கையை நீட்டினா, முழங்கை பட்டுச்சு. அதையும் பார்த்தேன். அவ மனசுல என்ன இருந்துச்சுன்னு தெரியாது." முன்வரிசையில் நின்ற மற்றவர்களும் பாட்டில் ஓரத்தில் இருந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் நின்றவர்கள், முன்னால் நின்றவர்களின் தலை மறைத்தது, தெரியாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கண்ணாடி மிஸ் அமிலப் பாட்டிலை மூடாமல் ஓரத்தில் வைப்பாளா என்று கேட்க வாயெடுத்தேன். அதன் பிறகு கண்ணை மூடி அந்தக் காலையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். தட்டில் பாட்டில் இருக்கும் காட்சி வந்தது. ஆனால் அது எந்த நாளுடையது என்று கேட்டுக்கொண்டபோது, எல்லா நாளுடையதாகவும் இருந்தது. அன்றைக்கு என்று ஒன்றும் இல்லை. எப்போதும் தட்டில்தான் வைப்பேன், ஆகவே அன்றும் வைத்திருப்பேன் என்று நினைத்திருக்கிறேன். நினைத்ததைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு பெண் அதனால் குற்றவாளி ஆகப் பார்த்தாள்.

ஆகவே என் முதல் வாக்குமூலத்தில் பாட்டிலைத் தட்டில் வைத்ததாகச் சொன்ன வரியை நான் திரும்பப் பெறுகிறேன். அதை அழிக்க வேண்டாம், அது தவறு என்று பக்கத்தில் எழுதினால் போதும். அமிலப் பாட்டிலுக்குப் பொறுப்பு நான். இதனால் என் மேல் நடவடிக்கை வரலாம், வேலைக்கே உலை வைக்கலாம் என்று ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். புரிந்துதான் சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்ற குற்றச்சாட்டைப் பொறுத்தவரை, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் அளவுக்கு அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது உண்மை. அந்த அளவில் அதை நிமிர்ந்து நின்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாவுக்கு ஆண்டு முடியும்வரை கரும்பலகை வேலை கிடையாது.

அப்போதும் ஒப்பந்தக்காரர் விடவில்லை. கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்து, "நீ சொல்லுடா, உன் கைதானே வெந்துச்சு! வேணும்னுதானே தள்ளினா?" என்றார். பையன் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தபடி, "வேணும்னுதான் தள்ளினான்னு நினைச்சேம்ப்பா. பார்க்கல" என்றான். "பின்ன என்னத்தைத்தான்டா பார்த்த?" என்று அவர் இரைந்தார். அதற்கு அவன், "எல்லாரும் பின்னால போயிட்டாங்க. அவதான் என் கையப் புடிச்சுக் குழாய்க்கு இழுத்துட்டுப் போனா. அவ விரல்லயும் பட்டுச்சு, அப்பவும் விடல. அதைப் பார்த்தேன்" என்றான்.

அவள் விரலில் பட்டது அதுவரை எனக்குத் தெரியாது.  ஒப்பந்தக்காரர் தன் புகாரைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஆய்வாளரிடம் கையை நீட்டினார்.

இதில் பார்த்தேன் என்று நான் சொன்னவை நான் பார்த்தவை. நினைத்தேன் என்று சொன்னவை நினைத்தவை மட்டுமே. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடி இருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
அறிவியல் ஆசிரியை, பத்தாம் வகுப்பு

என் முன்பாகப் பதிவானது: காவல் ஆய்வாளர்