ஹோமா, ப்ரோவா?

– ஒண்ணு பன்னிரண்டாயிரம் சோம், இன்னொண்ணு பதினேழாயிரம். ரெண்டும் ஒரே விண்டோஸ்தானே, ஐபீகே? அதெப்படி இவ்ளோ வித்தியாசம்?

– கொஞ்சம் பொறு உர்மாத், சீட்டுல டீயைக் கொட்டிடாத. கடைக்காரர் மெனக்கெட்டு எழுதிக் குடுத்தது. ஹோம்னா வீட்டுக்கு, ப்ரோன்னா வேலைக்கு.

– நாம இருக்கிறது வீடு. ஹோம் வாங்கு, முடிஞ்சது.

– உன் அவசரத்துக்கு அளவே இல்ல!

– சரி, ஹோம்ல படம் பாக்கலாமா?

– பாக்கலாம்.

– உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கோமுஸ் தந்தியை மீட்டறதைப் பதிவு பண்ணலாமா?

– தாராளமா.

– பாட்டு டீச்சருக்கு அது போதாதா? மிச்ச ஐயாயிரத்துக்கு ஏழு கிலோ ஆட்டுக்கறி வரும். சும்மாவே கிடைக்குமாமே, லினக்ஸ்னு ஒண்ணு, அதையாவது போட்டுப் பாக்கலாமே?

– நல்லதுதான். ஆனா அதுல அவங்க வேலை ஓடாதாம்.

– எவங்க?

– பொதுவா சொன்னேன்... ஆபீஸ்காரங்க.

– சரி, பஜார்ல ஐநூறு சோமுக்குத் திருட்டு விண்டோஸ் போட்டுத் தர்றானே?

– வேண்டவே வேண்டாம். ரசீது கேப்பாங்க.

– மறுபடியும் ‘கேப்பாங்க’! அதெப்படி, நம்ம வீட்டு லேப்டாப்புக்கு யார் வந்து ரசீது கேப்பா? சரி, இந்த ப்ரோவுல அப்படி என்னதான் இருக்கு?

– ஹார்ட் டிஸ்க்கை முழுசாப் பூட்டி வெக்கலாம். லேப்டாப் திருடு போனாலும் உள்ள இருக்கிறதை எவனும் பாக்க முடியாது.

– உள்ள இருக்கிறது என் தம்பி கல்யாண வீடியோ. நாலு மணி நேரம். பாத்தா திருடனுக்குத்தான் தண்டனை.

– சிரிக்க வெக்காத. இன்னொண்ணும் இருக்கு. ஒரு ஆபீஸ் தன்னோட கம்ப்யூட்டரை எல்லாம் ஒரே குடும்பமா வெச்சிருக்கும். ப்ரோ இருந்தாதான் அதுல சேத்துக்கும். எவ்ளோ தூரத்துல இருந்தாலும் சரி.

– எவ்ளோ தூரம்?

– எல்லை தாண்டி அல்மாத்தி நகரம்னு வெச்சுக்கயேன்.

– அல்மாத்தி எங்கேருந்து வந்துச்சு?

– உதாரணத்துக்கு.

– போன வாரம் ரெண்டு தடவை போனை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போய் மெதுவாப் பேசினியே, அதுவும் உதாரணமா?

– கொஞ்சம் பொறு...

– பொறுத்தாச்சு. சர்வே ஆபீஸ் மூடி எட்டு மாசம். மேப் வரைஞ்ச என் கை இப்போ அண்ணன் தோட்டத்துல ஆப்பிள் பெட்டி தூக்குது. உனக்கு அலுத்துப் போச்சு, அதானே? தப்புன்னு சொல்லல. ஆனா நேரா சொல்லிடு. அல்மாத்தியில வேலை கிடைச்சிருக்கா?

– கிடைச்சிருக்கு.

– ...எப்போ?

– திங்கக்கிழமையிலேருந்து.

– இந்தக் கராகோல் ஊரை விட்டு நான் வர மாட்டேன்னு தெரிஞ்சும்...

– தெரியும். வெளியூர் போலாம்னு ஆறு தடவை சொல்லிப் பாத்தேன், ஆறு தடவையும் தலையைத் திருப்பிக்கிட்ட.

– அப்போ நீ மட்டும் கிளம்புற.

– யாரும் எங்கயும் கிளம்பல, உர்மாத். நீ வரைஞ்ச மேப்பை எல்லாம் உனக்குத் தெரியாம உன் பேர்ல நான்தான் அனுப்பி வெச்சேன். வேலை உனக்கு, இதே மேசையில உக்காந்து பாக்கலாமாம், லேப்டாப்ல ப்ரோ மட்டும் இருக்கணுமாம்.