விதைக்கு வைத்த கொண்டைக்கடலை

— மூடியத் தொற கிருஷ்ணவேணி. குக்கர்ல வேவறது எந்தக் கடலைன்னு நான் பாக்கணும்.

— பாக்க இன்னா இருக்குது? பரண் மேல டப்பாவுல இருந்த நாட்டு மூக்கடலை தான். ராத்திரி ஊற வெச்சேன். நாலு விசில் வந்தாச்சு, இன்னும் ரெண்டு வந்தா வெந்துடும்.

— மொத்தத்தையுமா?

— மொத்தத்தையும் தான்.

— அடிப்பாவி. அது விதைக்கு வெச்சது. எங்கப்பா கண்ண மூடற வரைக்கும் தாமல் ஊர்ல நம்ம கொல்லையில வெதச்சு வெதச்சு எடுத்தது. இந்த ஐப்பசிக்கு என் கையால வெதைக்கிறேன்னு அவருக்கு வாக்கு குடுத்துக்கீறேன். உனக்கு சுண்டல் தின்ன கடையில கடலையே கெடைக்கலியா?

— கத்தாத மாமா. பக்கத்து வூட்டுத் தறி நின்னுபோச்சு, எல்லாரும் கேட்டுக்கினு கீறாங்க.

— கேக்கட்டும். தறியில இழை அறுந்தா முடிஞ்சுக்கலாம். இது அறுந்தா எத எடுத்து முடியறது?

— நான் தின்ன ஆசைப்பட்டு வேவ வெக்கல. மொதல்ல ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில கட்டி வெச்சேன். ஒண்ணு கூட மொளைக்கல, நாத்தம் தான் அடிச்சுது. இன்னொரு பிடி கட்னேன். அதுவும் அப்டியே. செத்த விதையை மண்ணுல போட்டுட்டு, மொளைக்குமா மொளைக்குமான்னு நீ வரப்புல குந்திக்கினு இருக்கறத பாக்க எனக்குத் தெம்பு இல்ல.

— கட்டத் தெரியாம கட்டியிருப்ப. இல்ல, பரண்ல மழத்தண்ணி ஒழுக உட்டிருப்ப.

— நானும் அப்டித்தான் என்னையே திட்டிக்கினேன்.

— திட்டிக்கினா ஆச்சா? எனக்கிருந்த அக்கறையில பாதி உனக்கு இருந்துதா? ஆடியில நீ உங்கம்மாவோட ஆஸ்பத்திரில கெடந்தப்ப இதுல வண்டு வந்துச்சு. சின்ன வயசுலேர்ந்து தறிக்குழியில கால உட்டுக்கினு கெடக்கறவன் நான். அன்னிக்கு வேலைய அப்டியே போட்டுட்டு, நானே அடுப்பாண்ட நின்னு அத்தனையும் காப்பாத்துனேன்.

— அடுப்பாண்டயா?

— ஆமா.

— அடுப்பாண்ட நின்னு இன்னா பண்ண?

— நீ ரவைக்குப் பண்றது தான். வண்டு வராம லேசா வறுத்து, ஆற வெச்சு, டப்பாவுல கொட்டுனேன். ஒண்ணு கூட கருகல, வாசனை வந்ததும் எறக்கிட்டேன். இன்னா அப்டிப் பாக்கற?

— வாசனை வர்ற வரைக்கும் வறுத்துக்கீற. வறுத்த கடலை எங்கயா மொளைக்கும்?

— லேசா தான் கிருஷ்ணவேணி.

— விதைய வறுத்துப்புட்டு, இவ்ளோ நேரம் என்னப் பாவின்ற.

— வெதைக்கறதெல்லாம் எங்கப்பாவே பாத்துப்பாரு. வறுக்கக் கூடாதுன்னு எனக்கு யாரு சொன்னா? ஐயோ. ஒண்ணு கூடவா இல்ல?

— இப்போ ஐயோன்ற. பங்குனியில உங்கப்பா காரியத்தன்னிக்கு எங்கண்ணன் வேல்முருகன் இதுல ஒரு பிடி கேட்டாரே, இன்னா சொன்ன நீ?

— அத ஏன் இப்போ இழுக்கற?

— சொல்லு. பந்தியில அத்தன பேரு எதுர்ல, கைய நீட்டுனவர இன்னா சொன்ன?

— எங்க வூட்டு விதை வெளிய போவாதுன்னேன். அடுத்தவன் சொத்துக்கு அலையறியேன்னு கேட்டேன்.

— பாதி சோத்துல எழுந்து போனாரு. அப்பறம் இந்த வாசப்படிய மிதிக்கல. அன்னிக்கு ஒரு பிடி கடலைய முந்தானையில முடிஞ்சுக்கினு அவரு பின்னாலயே ஓடி, சட்டப்பையில போட்டுட்டு வந்தேன். உங்கப்பா விதை இப்போ ஏனாத்தூர்ல அவரு கொல்லையில மொளச்சு நிக்குது. மாசியில அறுப்பாரு, அப்போ நீ போயி அவரு எதுர்ல கைய நீட்டு.