அந்தமானில் செய்ய வேண்டியவை

அந்தமானுக்குப் போகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கிக்கொண்டு போக வேண்டாம். அங்கே அடிக்கிற புழுக்கத்துக்கு மூன்றாம் நாளே புளித்துவிடும். முறுக்கும் பருப்புப்பொடியும் தாங்கும். போலீசிலிருந்து வக்கீல் வரைக்கும் எல்லோரும் என்னிடம் எதையெதையோ கேட்டார்கள். அங்கே போனால் என்ன செய்யலாம் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

என் பெயர் பரிபூரணம். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஆறு தறி ஓடுகிற கொட்டகை இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிறோம். வீட்டுக்காரர் ஞானதுரை மோட்டாரையும் வியாபாரத்தையும் பார்ப்பார். அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போடுவது என் வேலை. இருபத்தாறு வருஷம். அந்தச் சத்தத்துக்குள் கத்திக் கத்தியே பேசியதில் எனக்கு மெதுவாகப் பேச வராது. இப்போதுதான் பழகியிருக்கிறேன்.

மகன் ஜெபின் பட்டாளத்தில் இருக்கிறான். அந்தமானுக்கு மாற்றலானதும் எங்கள் இரண்டு பேருக்கும் பத்து நாளுக்கு டிக்கெட் போட்டான். மருமகள் ஹெப்சிபா அங்கே என்னென்ன செய்யலாம் என்று போனில் எழுதி அனுப்பினாள். அடியில் கண்ணாடி வைத்த படகில் போய் மீன் பார்க்கலாம். மலை முனையில் நின்று சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். தலையில் கண்ணாடிக் கூடு ஒன்றை மாட்டிக்கொண்டு கடலுக்கு அடியில், தரையில் கால் ஊன்றி நடக்கலாம். நீச்சல் தெரிய வேண்டாமாம். முகம்கூட நனையாதாம். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேனோ தெரியாது.

போய் இறங்கியதும் வீட்டுக்காரர் குவார்ட்டர்ஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கொட்டகைக்குப் போன் போட்டபடியே இருந்தார்.

"படகுக்கு அடியில கண்ணாடி வச்சிருக்கானாம். அதெல்லாம் ஒரு படகா, ஏட்டி? மீனப் பாக்கணும்னா மார்க்கெட்டுக்குப் போக வேண்டியதுதான. அங்கயாவது வெல கேக்கலாம்."

ஹெப்சிபா சிரித்தாள். நானும் சிரித்தேன். நாலாம் நாள் காலையில் சொன்னார்:

"ஏட்டி, நாளன்னைக்குக் கெளம்புறோம். ஜெபின்ட்ட டிக்கெட்ட மாத்தச் சொல்லிட்டேன். ரெண்டு தறி நிக்கிதாம்."

"கடலுக்கு அடியில நடக்கணும்னு சொன்னேனே."

"ஒனக்கு அங்க என்னட்டி சோலி? ஏதும் இழ அந்து கெடக்கா?"

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிற சுபாவமே எனக்குக் கிடையாது. அவரைக் கேட்டுப் பாருங்கள், அவரே சொல்வார்.

மறுநாள் ஹெப்சிபா எங்களை ஒரு கடற்கரைக்காவது கூட்டிப் போகிறேன் என்று கார் பிடித்தாள். டிரைவர் வேல்சாமிக்குப் பூர்வீகம் நம் வத்திராயிருப்பு. நல்ல மனுஷன். கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பவளத் துண்டுகள் ஒதுங்கிக் கிடந்தன. நான் குனிந்ததும் அவர் பதறிவிட்டார்.

"எக்கா, அதத் தொடாதீக. இங்கன ஒரு துண்டு எடுத்தாலும் ஏர்போர்ட்டுல புடிச்சு உக்கார வச்சிருவான்."

"எம்புட்டு நாளைக்கு உக்கார வைப்பாங்க தம்பி?"

"அது கல்லோட கனத்தப் பொறுத்தது" என்று சிரித்தார்.

நான் நாலு எடுத்தேன். கொஞ்சம் கனமானவையாகத்தான் பார்த்தேன்.

இங்கே வீட்டுக்காரரின் பை பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குப் பூட்டிலும் ஜிப்பிலும் நம்பிக்கை இல்லை. பாவு நூலை நாலு புரியாக முறுக்கி, பையின் வாயில் தறி முடிச்சுப் போடுவார். அதற்கு மேல் அவருக்கென்று ஒரு சுற்று உண்டு. அவிழ்த்தவன் திரும்ப அதே மாதிரி கட்டவே முடியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். கிளம்புகிற அன்று காலையில் அவர் குளிக்கப் போனார். அவர் குளித்து வருவதற்குள் நான் அவிழ்த்து, அவருடைய வேட்டியில் கற்களைப் பேண்டேஜ் சுருள் மாதிரி இறுக்கிச் சுருட்டி அடியில் வைத்து, திரும்பக் கட்டிவிட்டேன். அவசரமே இல்லை. என் தலைப்பின்னலைக்கூட இன்னொரு தடவை போட நேரமிருந்தது.

விமான நிலையத்தில் மிஷினுக்குள் போன பை திரும்பி வரவில்லை. தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி வந்து நல்ல விதமாகத்தான் கேட்டார். "பெரியவரே, இந்தப் பைய வேற யாரும் தெறந்தாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டுக்காரர் யோசிக்கவில்லை. "சார், இது தறிக்காரன் முடிச்சு. என்னையத் தவிர ஒரு பய இத அவுத்துக் கட்ட முடியாது."

எழுதிக்கொண்டார்கள். அவர் அதை இரண்டாம் தடவையும் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள். நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவருக்கு ஜாமீன் கிடைக்க ஒன்பது நாள் ஆனது. உள்ளே குறை ஒன்றும் இல்லை. மின்விசிறி இருந்தது. வேளைக்குச் சோறு வந்தது. ஜெபின் அலையாய் அலைந்தான். "அம்மா, நீங்க அழாதீங்க" என்றான். நான் அழவில்லை, வேர்த்திருந்தது. வீட்டிலேயே இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஹெப்சிபாதான் சொன்னாள். அதனால் சுற்றிப் பார்க்கப் போனோம்.

கண்ணாடிப் படகு சுமார்தான். கடலுக்கு அடியில் நடப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏணியில் இறங்கும்போது காது அடைக்கும், எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும். கீழே போனால் காற்று குமிழிடுகிற சத்தம் ஒன்றுதான். வேறு ஒன்றுமே கேட்காது. மஞ்சள் கோடு போட்ட மீன்கள் வந்து விரலை முகர்ந்து பார்த்தன. யாருக்கும் என்னிடம் எதுவும் ஆக வேண்டியிருக்கவில்லை. இருபது நிமிஷம். மேலே வந்ததும், நாளைக்கும் வரலாமா என்று கேட்டேன். மொத்தம் மூன்று தடவை போனேன்.

அதன்பிறகு வாய்தாவுக்காக நாலு தடவை அந்தமான் போயாகிவிட்டது. அவரால் தனியாகப் போக முடியாது. மனுஷன் உடைந்துவிட்டார். போன மாதம் தறிக்கு நடுவில் நின்று கேட்டார்: "ஏட்டி, ஒருவேள நானேதான் எடுத்து வச்சு மறந்துட்டனோ?"

"நீங்க போடுற சுகர் மாத்திரை அப்படித்தான் பண்ணுமாம்" என்றேன். இப்போது என்ன செய்தாலும் ஒரு அட்டையில் எழுதி வைக்கிறார். 'மோட்டாரை நிறுத்தினேன்.' 'கதவைப் பூட்டினேன்.' அந்த அட்டையைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வக்கீல் பிரேம்குமார் போன வாரம் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, தெரியாம எடுத்துட்டேன்னு ஒத்துக்கிட்டு எழுதிக் குடுங்க. அபராதத்தோட முடிச்சிரலாம். இனி அம்புட்டுத் தூரம் நீங்க அலைய வேண்டாம்."

வீட்டுக்காரர் பேனாவுக்குக் கை நீட்டினார். நான் பேனாவை எடுத்து மூடி வைத்தேன்.

"செய்யாத தப்ப எதுக்குய்யா ஒத்துக்கிடணும்? எம்புட்டு வருசம் ஆனாலும் நடத்துவோம். நான் கூடப் போறேன்."

வக்கீலுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். இருபத்தாறு வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாய்தா ஜனவரியில். அந்த மாதம் தண்ணீர் நல்ல தெளிவாக இருக்கும் என்று வேல்சாமி சொன்னார். எல்லோரும் என் வீட்டுக்காரரைச் சந்தேகப்படலாம். இப்போது அவரே அவரைச் சந்தேகப்படுகிறார். ஆனால் அவர் குற்றமற்றவர் என்று கோவிலில் வைத்துக்கூடச் சத்தியம் செய்ய என்னால் முடியும். கட்டிய பெண்டாட்டி நானே அவரை நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள்?