என் பெயரில் தம்பி வாங்கிய கடன்

என் பெயர் அமராவதி த/பெ வீரன். வயது 43. புக்கிட் ரோத்தானுக்கு அருகில் உள்ள செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கிறேன். பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை செய்கிறேன். கணவர் இறந்துவிட்டார். மாதவி என்று ஒரு மகள் இருக்கிறாள்.

தோட்டம் கைமாறியதால் லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதன்பின் எனக்கு ஒரு மலிவு விலை வீடு ஒதுக்கப்பட்டது. மாதவி தன் அறை எது என்றுகூடச் சொல்லிவிட்டாள். வீட்டுக் கடனுக்காக நான் வங்கிக்குப் போனபோது, என் கடன் அறிக்கையில் கட்டாமல் விட்ட தனிநபர் கடன் ஒன்று இருப்பதாகவும், அது வசூல் நிறுவனத்திடம் போய்விட்டதாகவும், அது நீங்காமல் வீட்டுக் கடன் கிடைக்காது என்றும் அங்கிருந்த பெண் அதிகாரி கூறினார். நான் அப்படி ஒரு கடன் வாங்கியதே இல்லை.

அதன்பின் வசூல் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். பேசியவர் தமிழர். கடன் வாங்கியவர் கொடுத்த கைப்பேசி எண்ணைப் படித்தார். அவர் படித்து முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் தம்பி குகனின் எண். நான் வாங்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர், "காசு கட்டுனாலும் பழைய பாக்கின்னு ரிப்போட்ல நிக்கும்க்கா. நீங்க வாங்கலன்னா போலீஸ் ரிப்போட் கொண்டாங்க, அப்பத்தான் பேர எடுக்க முடியும்லா," என்றார்.

அதன்பின் தஞ்சோங் காராங்கில் உள்ள குகன் வீட்டுக்கு பஸ்ஸில் போனேன். அவன் மறுக்கவில்லை. என் கணவரின் இறப்புப் பத்திரம் எடுப்பதற்காக நான் அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய என் ஐசி அடையாள அட்டைப் படத்தை வைத்துத்தான் கடன் வாங்கியிருக்கிறான். தன் லோரியைப் பழுது பார்க்க வாங்கியதாகவும், லோரி ஓடும்வரை கட்டியதாகவும் சொன்னான். "ஒனக்குத் தெரியாமலே முடிஞ்சிரும்னு நெனச்சேன்க்கா," என்றான். அவன் மனைவி தனுஜா தேநீர் கொண்டுவந்து வைத்து, "வீடு பின்னாடி கெடைக்கும் அண்ணி. இவர உள்ள போட்டுட்டா நாங்க எங்க போறது?" என்று கேட்டாள். தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதன்பின் சில நாள் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வங்கிக் கடிதம் வராவிட்டால் வீடு அடுத்தவருக்குப் போய்விடும் என்று வீட்டைக் கட்டும் நிறுவனத்திலிருந்து அழைத்துச் சொன்னார்கள். அதன்பின் குகனுக்குப் போன் செய்து, "நாளைக்கு ரிப்போட் கொடுக்கப் போறேன்டா," என்றேன்.  அவன், "எத்தன மணிக்குக்கா?" என்று கேட்டான்.

இன்று காலை அவன்தான் தன் மாமனார் காரில் என்னை இந்தப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்தான். 

தம்பிமீது நடவடிக்கை எடுக்க வேண்டுமா என்று கேட்டதற்கு, கடனிலிருந்து என் பெயரை எடுத்தால் போதும் என்று சொன்னேன். ஒன்றை விட்டு ஒன்று நடக்காது என்று அதிகாரி விளக்கினார். எனக்குப் புரிந்தது. எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவனைத் தேடிப் போக வேண்டியதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். கூப்பிட்டால் வருவான்.

எழுதியதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை. யாரும் சொல்லிக்கொடுத்து நான் பேசவில்லை.

(கையொப்பம்)
அமராவதி த/பெ வீரன்