சேற்றில் நின்ற சப்பரம்

அவைத்தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அபுந்தியோ அவர்களே! வெயிலில் நின்றே தலை வெளுத்துப்போன பெரியோர்களே! நேற்று மாலை வரை வெங்காயத்துக்குக் களை பறித்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில், மெத்தை நாற்காலியில் வீற்றிருக்கும் எங்கள் முதலாளி தோன் லியோன்சியோ அவர்களே! ஒப்துலியா என்னும் கூலிக்காரியின் வணக்கம்.

இன்று திருநாள் காணும் இந்தப் புனித இசிதோர் யார்? மாளிகையில் பிறந்தவரா? மந்திரியின் மகனா? இல்லை! மாட்ரிட்டில் மாற்றான் நிலத்தில் ஏரோட்டிய கூலிக்காரர். அவர் மண்டியிட்டுச் செபம் சொல்ல, வானத்துத் தூதர்களான சம்மனசுகள் இறங்கி வந்து அவருடைய ஏரை ஓட்டினார்களாம். அதட்ட வந்த முதலாளியே அதைக் கண்டு மண்டியிட்டாராம்.

அப்படிப்பட்டவரின் திருநாளில் இத்தனை வருடம் எங்களுக்குக் கிடைத்தது என்ன? வேலை! சப்பரம் சுமந்தது யார்? நிலம் உள்ளவர்கள்! செத்துப்போன கூலிக்காரருக்கு வெல்வெட்டுப் போர்வை, உயிரோடு இருக்கும் கூலிக்காரனுக்கு மண்வெட்டி! சிரிக்காதீர்கள், சாமியார் பார்க்கிறார். திருநாளுக்கு லீவு கேட்ட எங்கள் கூட்டாளி தெலெஸ்போரோவை, கேட்ட மறுநாளே வேலையைவிட்டு விரட்டிவிட்டார்கள்.

போன வருடத் திருநாள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சச் சொன்னார் முதலாளி. பாய்ச்சினோம், பஞ்சமில்லாமல் பாய்ச்சினோம். மதியம் அவரே, ஊர்வலம் தன் வயலுக்குள் வந்து அதை ஆசீர்வதித்தால்தான் ஆயிற்று என்றார். சப்பரம் சுமந்தவர்களின் பளபளத்த காலணிகள் சேற்றில் இறங்கின. இறங்கியவை ஏறவில்லை! புனிதர் சப்பரத்தோடு ஒருபக்கமாகச் சாய்ந்தார்.

"ஏய் ஒப்துலியா, எல்லாரும் வந்து தோள் குடுங்க. புனிதரு விழப்போறாரு."

வரப்பில் நின்ற நாங்கள் மண்வெட்டியைக் கீழே வைத்தோம். மண்டியிட்டோம்.

"நாங்க செபத்துல இருக்கோம் முதலாளி. கொஞ்சம் பொறுங்க, சம்மனசுங்க வருவாங்க."

வந்தார்களா? யாரைக் கேட்கிறேன், நீங்களும்தானே வரப்பில் இருந்தீர்கள்! சேறு முழங்காலைத் தொட்டதும், என்னதான் வேண்டும் என்று முதலாளி கேட்டார்.

"தெலெஸ்போரோவுக்கு வேலை. இந்த நாள்ல லீவு. சப்பரம் எங்க தோள்ல."

புனிதர் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். அப்புறம்தான் இறங்கித் தூக்கினோம்.

இன்று காலை என்ன ஆயிற்று? களை பறிக்க வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்! அவசரத்தில் சொன்னதெல்லாம் வாக்காகாதாம்!

தோன் லியோன்சியோ அவர்களே, எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கமாட்டேன். உங்கள் வயலில் களை இருக்கிறது, தெரியும். இன்று அங்கே ஒரு கையும் இறங்காது! சேற்றில் நின்று கொடுத்த வாக்கை நாற்காலியில் உட்கார்ந்து மறக்காதீர்கள்!

தெலெஸ்போரோ, சப்பரத்தின் முன்கம்பு உன்னுடையது. கேட்ட காதுகளுக்கு நன்றி, தூக்கப்போகும் தோள்களுக்கு வணக்கம்!