பூஜை அலமாரியில் ஒரு மருந்துக் குப்பி

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ரொம்பச் சின்னது, இன்ஸ்பெக்டர் சார். அதுவும் சமையலறைக்குள் இருக்கிறது. முட்டை போட்ட கேக்கைக்கூட அம்மா அதில் வைக்க விடமாட்டாள். மயிலாப்பூரில் எங்களை மாதிரி வீடுகளில் அப்படித்தான். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

தி.நகரில் ஒரு கிளினிக்கில் நான் லேப் டெக்னீஷியன். அங்கே வயிற்றுக் கொழுப்பைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். எடுத்ததைக் கொட்டிவிடுவார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. போன வருஷம் பேப்பரில் ஸ்டெம் செல் பற்றி வந்தது. உடம்பின் எந்தப் பாகமாகவும் வளரக்கூடிய செல்லாம். எலும்பு மஜ்ஜையில் அந்த மாதிரி செல் இருக்கிறது என்றால் கொழுப்பில் ஏன் இருக்கக்கூடாது? ஒரு நகைக்கடை மாமியின் கொழுப்பைக் கழுவி, என்ஸைமில் கரைத்து, மெஷினில் சுற்றினேன். அடியில் கொஞ்சம் செல் தங்கியது.

எல்லாம் அக்கா மதுவந்திக்காகத்தான். லஸ் கார்னரில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து அவளுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

கொழுப்பில் எடுத்ததை அம்மாவின் ஃபிரிட்ஜில் வைக்க முடியாது; செல்களை ஒரு குப்பியில் அடைத்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "அக்காவுக்கு மருந்து, தொடாதே" என்று அம்மாவிடம் சொன்னேன். மருந்தென்றால் அம்மாவுக்கு முதலில் பெருமாள். மறுநாள் கிளினிக்கிலிருந்து நீள ஊசியை எடுத்துக்கொண்டு வந்தபோது குப்பி பூஜை அலமாரியில் இருந்தது. உள்ளே கஞ்சித் தண்ணி மாதிரி கலங்கியிருந்தது.

"மூடியத் தெறந்தியாம்மா?"

"ஒரே ஒரு சொட்டு துளசித் தீர்த்தம் விட்டேண்டா. பெருமாள் பார்த்துப்பார்."

கலங்கினால் கிருமி வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கலங்கலுக்குள் என் செல்களும் இருந்தன. அவ்வளவு நல்ல கொழுப்பு மறுபடி எப்போது கிடைக்கும்?

அக்கா குப்பியைப் பார்த்தாள். "வேண்டாண்டா ரங்கா. அது கெட்டுப் போயிருக்கு. எனக்கே தெரியறது."

"நீ எப்போலேர்ந்து லேப்ல சேர்ந்தே?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் இப்படியே இருந்துட்டுப் போறேன். அம்மா, நீயாவது சொல்லேன்."

"ஒனக்காகத்தானேடி தம்பி பாடுபடறான்" என்று அம்மா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கால்கள் அசையாததால் எனக்குச் சிரமமிருக்கவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போடும்போது ஆள் அசையாமல் இருப்பது முக்கியம்.

விடிவதற்குள் காய்ச்சல் வந்தது. பிறகு கழுத்து விறைத்தது. ஆட்டோ கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா கெஞ்சினாள். செல் வேலை செய்ய ஆரம்பித்தால் காய்ச்சல் வரும் என்று நான் சொன்னேன். அவள் நம்பினாள். எனக்கும் கேட்க நன்றாக இருந்தது. கடைசி வலிப்பில் அக்காவின் இடது கால் அசைந்தது. அதை நான்தான் பார்த்தேன்.

துக்கத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா, "நான் விட்ட தீர்த்தம்தான் கொன்னுடுத்து" என்று சொல்லி அழுகிறாள். கலங்கினால் கிருமி என்று தெரிந்தேதான் நான் ஊசி போட்டேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. இந்த வயசில் எதற்கு அவளுக்கு அதெல்லாம்?

அவளை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை, சார். அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.